மேமோகிராம்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதியில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை

மேமோகிராம் என்பது மார்பகத்தின் உட்பகுதியைக் குறைந்த அளவு எக்ஸ்-கதிரால் படம் பிடிக்கும் மருத்துவப் பரிசோதனை ஆகும். தமிழில் மார்பக ஊடுகதிர்ப் படம் என்று எழுதுவர். மருத்துவமனைச் சீட்டிலும் பேச்சு வழக்கிலும் மேமோகிராம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. விரலுக்குத் தட்டுப்படாத சிறு கட்டிகளையும், புற்றுநோயின் தொடக்க நிலையில் சில வேளைகளில் தோன்றும் மணல்துகள் போன்ற சுண்ணாம்புப் படிவுகளையும் இதில் காண முடியும். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடத்தில் உள்ளது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்தனர். திருச்சிராப்பள்ளி போன்ற ஒரு நகரத்தில் இப்பரிசோதனை கிடைப்பது இன்று அரிதன்று. யாருக்கு, எப்போது, எதற்காக எடுக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம் மிகுதி.

இரு வேறு நோக்கங்கள்

ஒரே கருவியில் ஒரே வகையில் எடுக்கப்பட்டாலும் மேமோகிராம் இரண்டு வெவ்வேறு காரணங்களுக்காக எடுக்கப்படுகிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண், நோய் மறைந்திருக்கிறதா என்று அறிய எடுத்துக்கொள்வது முன்னறி சோதனை. கட்டி, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோலில் மாற்றம் போன்ற ஏதேனும் ஒன்றைக் கண்ட பெண்ணுக்கு மருத்துவர் எழுதித் தருவது நோயறி சோதனை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் மட்டும் உள்ளதன்று. முன்னறி சோதனைக்குச் செல்பவர் இந்த மாதம் போகாமல் அடுத்த மாதம் போனாலும் பெரிய இழப்பில்லை. கையில் கட்டி தட்டுப்பட்டவர் அவ்வாறு தள்ளிப்போடக் கூடாது. அவருக்கு மேமோகிராம் மட்டும் போதவும் போதாது. மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசி மூலம் சிறிதளவு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழுச் சோதனை. மூன்றும் ஒரே முடிவைச் சொன்னால்தான் கட்டி தீங்கற்றது என்று விட முடியும்.

நடைமுறையில் நேர்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கட்டி உள்ள பெண், அக்டோபர் மாதத்தில் ஏதேனும் ஓர் இடத்தில் நடக்கும் சலுகைக் கட்டண முகாமுக்குக் காத்திருந்து, கட்டியைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் முன்னறி சோதனை வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். 'ஒன்றுமில்லை' என்று அறிக்கை வந்தால் நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறார். கையால் உணரக்கூடிய புற்றுநோய்க் கட்டிகளிலும் சில மேமோகிராமில் தெரிவதில்லை. ஆகவே படம் எடுக்கும் முன் கட்டி இருக்கும் இடத்தைக் கைகாட்டிச் சொல்வது இன்றியமையாதது. அந்த இடத்தின் தோல்மேல் சிறு அடையாளம் ஒட்டிப் படமெடுப்பதும், அதே இடத்தை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்ப்பதும் வழக்கம்.

படம் எடுக்கப்படும் முறை

கருவி நின்ற நிலையில் உள்ள எக்ஸ்-ரே இயந்திரம். அதில் ஒரு தட்டும், அதன்மேல் இறங்கும் ஒளி ஊடுருவும் நெகிழித் தகடும் இருக்கும். பெண் இடுப்புக்கு மேல் ஆடை களைந்து கருவியின் முன் நிற்க வேண்டும். டெக்னீசியன் ஒரு மார்பகத்தைத் தட்டின்மேல் வைத்து, மேல் தகட்டை இறக்கி அழுத்துவார். ஒவ்வொரு மார்பகத்துக்கும் இரண்டு படங்கள்: மேலிருந்து கீழாக ஒன்று, அக்குள் பகுதியும் சேருமாறு பக்கவாட்டில் சாய்வாக ஒன்று. ஆக மொத்தம் நான்கு. அழுத்தம் ஒவ்வொரு படத்துக்கும் சில விநாடிகளே. உள்ளே போய் வெளியே வர இருபது நிமிடம் ஆகலாம்.

அழுத்துவது ஏன் என்பது பலரும் கேட்கும் கேள்வி. மடித்து வைத்த புடவையில் கறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பிரித்து விரித்தால்தான் தெரியும். மார்பகத் திசுக்களும் அவ்வாறே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதால், பரத்தினால்தான் பின்னால் இருப்பது தெரிகிறது. தடிமன் குறைவதால் கதிரின் அளவும் குறைகிறது, அசைவும் நிற்கிறது. சிலருக்கு வலிக்கும், சிலருக்கு இறுக்கமாக மட்டும் இருக்கும். பொறுக்க முடியாவிட்டால் சொல்லலாம், டெக்னீசியன் நிறுத்துவார். மாதவிலக்கு நிற்காதவர்கள் விலக்கு முடிந்த அடுத்த வாரத்தில் சென்றால் வலி குறைவாக இருக்கும்.

அழுத்துவதால் கட்டி உடைந்து நோய் பரவிவிடும் என்றும், ஊசி குத்தினால் புற்றுநோய் 'கிளம்பிவிடும்' என்றும் ஓர் அச்சம் நிலவுகிறது. இரண்டுக்கும் மருத்துவ அடிப்படை இல்லை. ஊசிப் பரிசோதனைக்குப் பின் நோய் முற்றியதாகச் சொல்லப்படும் நிகழ்வுகளில், பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே ஊசி குத்தப்பட்டிருக்கும். கதிர்வீச்சைப் பொறுத்தவரை, நான்கு படங்களுக்கும் சேர்த்து உடல் பெறும் அளவு ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒருவர் இயற்கையாக ஏழு வாரங்களில் பெறும் அளவுக்கு இது சமம்.

வரலாறு

பெர்லின் நகர அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை எக்ஸ்-கதிரால் படமெடுத்து, கட்டி பரவும் விதத்தை 1913இல் விளக்கினார். யூதரான அவர் நாசி ஆட்சியில் வதைமுகாமில் அடைக்கப்பட்டு, பின் நாட்டைவிட்டு வெளியேறினார். ஓவியரான அவருடைய மகள் ஷார்லட் சாலமன் 1943இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அழுத்திப் படமெடுக்கும் முறையை வலியுறுத்தியவர் உருகுவே நாட்டின் ரவுல் லெபோர்ன். அமெரிக்காவின் ஹூஸ்டனில் ராபர்ட் ஈகன் 1960 அளவில் படத்தின் தெளிவை மேம்படுத்தினார். மார்பகத்துக்கென்றே தனிக் கருவி 1960களில் பிரான்சில் சார்லஸ் குரோ என்பவரின் முயற்சியால் உருவானது. அதற்குமுன் நெஞ்சுக்கும் எலும்புக்கும் பயன்பட்ட கருவியே இதற்கும் பயன்பட்டது.

நோயில்லாதவர்களை அழைத்துப் படமெடுத்தால் இறப்பு குறையுமா என்ற கேள்விக்கு விடை தேடும் முதல் பெரிய ஆய்வு 1963இல் நியூயார்க்கில் தொடங்கியது. 1977இல் சுவீடனின் இரு மாவட்டங்களில் தொடங்கிய ஆய்வு, மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 1985இல் அறிவித்தது. மேலை நாடுகள் தேசிய அளவில் திட்டங்களைத் தொடங்க இவை காரணமாயின. எல்லா ஆய்வுகளும் இதே விடையைத் தரவில்லை. கனடாவில் நடந்த ஆய்வின் 25 ஆண்டுத் தொடர்முடிவு 2014இல் வெளிவந்தபோது, கையால் செய்யும் முறையான பரிசோதனையைவிட மேமோகிராமால் கூடுதலாக உயிர்கள் காக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்றது. அறிஞர்களிடையே இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்திய அரசின் திட்டத்தில் மார்பகப் புற்றுநோய்க்கான முன்னறி சோதனை மேமோகிராம் அன்று. 2016இல் வெளியிடப்பட்ட வழிகாட்டுதலின்படி, 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் மார்பகத்தைப் பரிசோதிக்க வேண்டும். ஐயம் எழுந்தவர்கள் மட்டுமே படமெடுப்புக்கும் திசுப் பரிசோதனைக்கும் அனுப்பப்படுவர்.

பணமும் கருவியும் இல்லாததால் செய்த சமாதானம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு இதற்கு வலுவான சான்று. நகரின் எளிய குடியிருப்புகளில் வாழ்ந்த 35 முதல் 64 வயதுள்ள 1,51,538 பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் பரிசோதித்தனர். மருத்துவர்களோ இயந்திரமோ அந்த முதற்கட்டத்தில் இல்லை. 2021இல் வெளியான முடிவின்படி, பரிசோதிக்கப்பட்ட பிரிவில் முற்றிய நிலையில் கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் குறைவு. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் புற்றுநோய்ப் பணியின் வேர் திருச்சிக்கு அருகிலேயே உள்ளது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறக்காமல், 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றக் காரணமானார். அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். பல பத்தாண்டுகள், திருச்சி வட்டாரத்தில் 'அடையாறுக்குப் போயிருக்கிறார்' என்று சொன்னாலே என்ன நோய் என்று கேட்க வேண்டியதிருந்ததில்லை.

மாநில அரசின் முன்னறி சோதனைத் திட்டமும் அண்டை மாவட்டத்தில் முளைத்ததே. உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு நலவாழ்வுத் திட்டத்தின் கீழ், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முன்னோடிச் சோதனை தஞ்சாவூரிலும் தேனியிலும் நடத்தப்பட்டது. மாநிலம் முழுவதும் விரிந்தபோது மார்பகப் பரிசோதனையும் அதில் சேர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வரும் 30 வயதைக் கடந்த பெண், அங்குள்ள செவிலியரிடமே இதையும் செய்துகொள்ளலாம். கட்டணம் இல்லை. 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகின்றனர்.

இவ்வளவு இருந்தும், 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் எப்போதேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டதாகக் கூறியவர்கள் 5.6 விழுக்காடு மட்டுமே. இந்திய அளவில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நூறு பேரில் ஆறு பேருக்கும் குறைவானவர்கள் மட்டுமே கையால் தொட்டுப் பார்க்கும் இலவசச் சோதனையை அறிந்த மாநிலத்தில், மேமோகிராம் கருவிகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவது இரண்டாம் கேள்வியே.

திருவரங்கத்திலிருந்து புத்தூர் வரை

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. 1994 முதல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் பகுதி. அரசு வழியில் செல்வோருக்குத் தொடக்கம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது திருவரங்கம் அரசு மருத்துவமனை. ஐயம் இருப்பின் அங்கிருந்து புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு அனுப்புவர். கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த இம்மருத்துவமனையில் அறுவை மருத்துவம், கதிரியல், நோய்க்குறியியல் ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் உள்ளன. காவிரிப் பாலத்தைக் கடந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி வேறு பேருந்து பிடித்தால் மொத்தம் ஆறேழு கிலோமீட்டர். புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணிச் செல்லாமல், இரண்டு மூன்று முறை வர நேரிடும் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செல்வது நல்லது. பாதியில் நின்றுபோகும் சோதனைகள் பல, இரண்டாம் முறை வர ஆளும் நேரமும் இல்லாமல் நிற்பவையே.

தனியார் வழியில் செல்வோர் பெரும்பாலும் தில்லைநகர், புத்தூர், கன்டோன்மென்ட் பகுதிகளில் உள்ள மருத்துவமனைகளையும் ஸ்கேன் சென்டர்களையும் நாடுகின்றனர். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். பொதுவாக ஓரிரு ஆயிரம் ரூபாய் அளவில் இருக்கும். அல்ட்ராசவுண்டும் சேர்த்தா தனியாகவா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். படமெடுப்பவர் பெண்ணா என்பதையும் தொலைபேசியிலேயே தயங்காமல் கேட்கலாம். பல பெண்கள் வாசல்வரை வந்து திரும்புவது இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டே.

செல்லும் நாளில் சில சிறு முன்னேற்பாடுகள் உதவும். அக்குளிலும் மார்பிலும் பவுடர், வாசனைத் தெளிப்பு, களிம்பு எதுவும் பூசக் கூடாது. அவற்றில் உள்ள துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் படிவு போலவே தெரிந்து, வீண் அச்சத்தையும் மறுபடமெடுப்பையும் உண்டாக்கும். மேலாடை மட்டும் கழற்றினால் போதும் என்ற வகையில் உடுத்திச் செல்வது எளிது. சுடிதாரைவிடப் புடவையும் ரவிக்கையும் இதற்கு வசதி. மடிசார் கட்டும் மூத்த பெண்மணிகள் அன்று ஒரு நாள் ஆறு கஜப் புடவைக்கு மாறிக்கொள்வர். தாலிச் சங்கிலி படத்தில் விழும் என்பதால் அது மறைக்காதபடி இருக்க வேண்டும். கழற்ற மனமில்லாதவர்கள் முன்கூட்டியே சொன்னால், முதுகுப்புறமாகத் தள்ளி ஒதுக்கிக்கொள்ள டெக்னீசியன் உதவுவார். கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்ற ஒரே காரணத்துக்காகப் போகாமலிருப்பவர்களும் உண்டு என்பதால் இதை எழுத வேண்டியுள்ளது. கருவுற்றிருக்க வாய்ப்பு இருந்தாலோ, பாலூட்டிக்கொண்டிருந்தாலோ அதையும் சொல்ல வேண்டும்.

பழைய படங்கள் இருந்தால் அறிக்கையை மட்டுமன்றிப் படத்தையும் குறுந்தகட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளாக மாறாத ஒரு புள்ளியும், இந்த ஆண்டு புதிதாகத் தோன்றிய ஒரு புள்ளியும் கதிரியல் மருத்துவருக்கு ஒன்றல்ல. பழையது கையில் இல்லாவிட்டால் அவர் எதையும் புதியதாகவே கருத நேரும்.

எந்த வயதில்

இதில் நாடுகள் ஒன்றுபோல் இல்லை. பிரிட்டனில் 50 வயது முதல் 71 வயது நிறையும் வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைப்பு அனுப்பப்படுகிறது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2024இல், 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று பரிந்துரைத்தது. உலக சுகாதார அமைப்பு 2014இல், வசதி மிக்க நாடுகளில் 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்றும், மருத்துவக் கட்டமைப்பு வலுவற்ற நாடுகளில் அறிகுறி கண்டவர்களை விரைவாகக் கண்டறிவதே முதற்பணி என்றும் கூறியது. இந்தியாவில் மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இளைய வயதிலேயே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆயினும் இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தில் வெண்மையாகவே தெரியும்; கட்டியும் வெண்மையே. வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புப் புள்ளியைத் தேடுவது போலாகிவிடும். முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டி தெரிந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பது இதனால்தான்.

தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ இளவயதில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லித் தனித் திட்டம் வகுத்துக்கொள்ள வேண்டும். அத்தகையோருக்கு எம்ஆர்ஐ ஸ்கேனும் பரிந்துரைக்கப்படலாம். 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்பது பாதுகாப்பு ஆகாது. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரைக் குறைபாட்டால் வருபவை 5 முதல் 10 விழுக்காடு அளவே.

திருவரங்கத்துக்கே உரிய மற்றொரு நிலையும் உண்டு. உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் அடுக்ககங்களிலும் தனித்து வாழும் மூத்த பெற்றோர் பலர்; பிள்ளைகள் வெளிநாட்டில். அமெரிக்காவில் உள்ள மகள் தான் எடுத்துக்கொள்வதைப் பார்த்து, எண்பது வயதை நெருங்கும் தாய்க்கும் முழு உடல் பரிசோதனைப் பொதியில் மேமோகிராமைச் சேர்த்துப் பணம் கட்டிவிடுகிறார். அதே அமெரிக்கப் பணிக்குழு, 75 வயதுக்கு மேல் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்கிறது. அந்த வயதில் அறிகுறி ஏதும் இல்லாதவருக்குக் கட்டாயம் இல்லை. கட்டி தெரிந்தால் எந்த வயதிலும் காட்டியே ஆக வேண்டும். அந்தப் பணத்தை ஊரில் உள்ள ஐம்பத்தைந்து வயது சித்திக்கோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கோ செலவிட்டால் பயன் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

அறிக்கையில் உள்ள எண்

அறிக்கையின் கடைசி வரியில் 'பைராட்ஸ்' என்ற சொல்லும் ஓர் எண்ணும் இருக்கும். உலகெங்கும் ஒரே பொருளில் வழங்கும் குறியீடு இது. சுழி என்றால் 'நோய் சுழி' என்று மகிழ்வோரும் உண்டு; அதன் பொருள், படம் போதவில்லை, மேலும் பார்க்க வேண்டும் என்பதே. ஒன்று, இரண்டு ஆகியவை கவலையற்றவை. மூன்று என்றால் பெரும்பாலும் தீங்கற்றது. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நான்கு என்றால் ஐயத்துக்குரியது. திசுப் பரிசோதனை தேவை. நான்கு வந்தவர்களில் பலருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஐந்து என்றால் வாய்ப்பு 95 விழுக்காடோ அதற்கு மேலோ. ஆறு, திசுப் பரிசோதனையில் முன்பே உறுதியானவர்களுக்கு இடப்படுவது. எண் பெரிதாகப் பெரிதாக நோய் முற்றியிருக்கிறது என்பது தவறான எண்ணம். இது ஐயத்தின் அளவு. நோயின் கட்டத்தைக் குறிப்பது வேறு அளவுகோல்.

மீண்டும் வரச் சொல்லித் தொலைபேசி வந்தால் குடும்பமே கலங்கிவிடுகிறது. மறுபடம், கூடுதல் ஸ்கேன் ஆகியவற்றுக்கு அழைக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு இறுதியில் நோய் இருப்பதில்லை.

குறைகள்

மேமோகிராம் சில புற்றுநோய்களைத் தவறவிடும். அடர்த்தியான மார்பகத்தில் தவறவிடுவது கூடும். எண்ணியல் முறைப் படங்கள் வந்தபின் இளம் வயதினரிடமும் அடர்த்தி மிக்கவர்களிடமும் தெளிவு ஓரளவு மேம்பட்டுள்ளது. மற்றொரு குறை அதிகம் பேசப்படாதது. வாழ்நாள் முழுவதும் தொல்லை தந்திராத மிக மெதுவான புற்றுநோய்களையும் இது கண்டுபிடித்துவிடும். எது மெதுவானது, எது விரைவானது என்று முன்கூட்டிச் சொல்ல இயலாததால் எல்லோருக்கும் சிகிச்சை தரப்படும். பிரிட்டனில் 2012இல் இதை ஆராய்ந்த சுதந்திரக் குழு, 50 வயதில் தொடங்கி இருபது ஆண்டுகள் அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 பேரின் இறப்பு தவிர்க்கப்படும் என்றும், 129 பேருக்குத் தேவையற்ற சிகிச்சை நேரும் என்றும் கணக்கிட்டது. எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பெண்ணுக்கு இரண்டு எண்களும் தெரிந்திருக்க வேண்டும். முகாம் துண்டறிக்கைகளில் முதல் எண்ணுக்கு உரிய செய்தி மட்டுமே இருக்கும்.

தாமதம்

மார்பகத்தில் உள்ள புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லாததாலேயே காத்திருக்கின்றனர். வலிக்காத, கடினமான, அசையாத கட்டி, புதிதாக உள்ளிழுத்துக்கொண்ட காம்பு, காம்பிலிருந்து இரத்தம், சாத்துக்குடித் தோல் போல் குழிகுழியான தோல், அக்குளில் நெறிக்கட்டி ஆகியவை காத்திருக்கக் கூடாதவை. திருவரங்கத்தில் காத்திருக்க எப்போதும் ஒரு நாள் கிடைக்கும். ஆடிப்பெருக்கு கழியட்டும், புரட்டாசிச் சனி முடியட்டும், அம்மா மண்டபத்தில் துலா நீராடல் ஆகட்டும், வைகுண்ட ஏகாதசிக்கு உறவினர் வந்து போகட்டும், தை பிறக்கட்டும். இடையில் பேரனின் தேர்வு. ஆறு மாதம் போய்விடும்.

இந்தியாவின் பதினொரு மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேடுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வில், நோய் மார்பகத்துக்குள்ளேயே இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுகள் கடந்து வாழ்ந்தவர்கள் 81 விழுக்காடு. தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் அது ஏறத்தாழ 18 விழுக்காடு. முன்னதற்கு மார்பகத்தைக் காத்துக் கட்டியை மட்டும் அகற்றும் அறுவையும் பலருக்கு இயலும்.

உலக சுகாதார அமைப்பு 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பு, நோயாளி முதலில் மருத்துவரிடம் காட்டியதிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது. திருச்சியில் அது முழுக்க இயலக்கூடியதே. நாள்கள் கரைவது பெரும்பாலும் படத்துக்கும் திசுப் பரிசோதனைக்கும் இடையிலும், திசு முடிவுக்கும் அடுத்த மருத்துவருக்கும் இடையிலும்தான். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அடுத்து எங்கே, எந்த நாள், எந்தத் தாளுடன் என்று கேட்டு எழுதிக்கொண்டு வர உடன் ஒருவர் இருப்பது பெரிய உதவி. ஐயங்களுக்கு மாநில அரசின் 104 தொலைபேசி மருத்துவ ஆலோசனை எண்ணும் உண்டு.

திசுப் பரிசோதனையில் நோய் உறுதியானால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறலாம். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் செல்லும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்தில் எடுத்துக்கொள்ளலாம். வருமானச் சான்று கிடைக்கச் சில நாட்கள் ஆகும் என்பதால், திசுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது வழக்கம்.